மைக்கைக் கையில் கொடுப்பதற்கு முன்: டர்பன் வட்டாரக் கோவில் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கமிட்டித் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், குருக்கள் அய்யாமார்களுக்கும், மாதர் குழுவில் உழைக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட், இசிப்பிங்கோ என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் இருக்கிற நம் கோவில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எந்த ஒரு கோவிலையும் குறிவைத்து எழுதவில்லை. தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுகிறோம். ஆனால் சன்னிதியில் நிற்கும் குருக்கள் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். அடிபட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர் முதலில் வாய் திறப்பது அவர்களிடம்தான். அவர்களும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் ஒரு சமூகப் பணியாளர். கொள்ளை, கார் கடத்தல், வீட்டுக்குள் அடி உதை, கொலை என்று எதையாவது தாண்டி வந்த குடும்பங்களோடுதான் என் வேலை. கொஞ்ச காலமாக நம் கோவில்களில் ஒரு வழக்கம் வளர்ந்து வருகிறது. யாராவது வீட்டில் துப்பாக்கியோடு திருடர்கள் நுழைந்துவிட்டால், யாரையாவது இழந்துவிட்டால், உடனே ஆறுதல் பூஜை வைக்கிறோம். நல்ல விஷயம்தான். பூஜை முடிந்ததும் பாதிக்கப்பட்டவரை மேடைக்குக் கூப்பிட்டு, கையில் மைக்கைக் கொடுத்து, நடந்ததைச் சொல்லச் சொல்கிறோம். இதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஒரு கோவில் மண்டபத்தில் நான் பார்த்தது இது. வயது அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. வீட்டுக்குள் நுழைந்தவர்கள் அவரை எக்ஸ்டென்ஷன் வயரால் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மைக்கை வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் ஆரம்பித்தார். பின்கதவின் இரும்பு கேட் திறந்த சத்தம் கேட்டது என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. இடது கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. முன் வரிசையிலிருந்து ஒருவர், "சொல்லும்மா, சொன்னாத்தான் மனசு லேசாகும்" என்றார். அன்போடுதான் சொன்னார். பக்கத்தில் ஒரு பையன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அன்று ராத்திரிக்குள் அந்த வீடியோ வாட்ஸாப் குரூப்களில் சுற்றிவிட்டது. அதற்கப்புறம் அந்த அம்மா கோவில் பக்கமே வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு போட்டவர்.

சொன்னால் பாரம் குறையும் என்பது நம் பாட்டிமார்கள் காலத்து நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் யாரிடம் சொல்கிறோம், எப்போது சொல்கிறோம், வேண்டாம் என்று தோன்றினால் பாதியில் நிறுத்த முடிகிறதா என்பதைப் பொறுத்தது அது. நம்புகிற ஒருவரிடம், தானாக விரும்பி, தன் வேகத்தில் சொன்னால் பாரம் இறங்கும். முந்நூறு பேர் பார்த்திருக்க, மறுக்க முடியாத இடத்தில் நிற்க வைத்துச் சொல்ல வைத்தால், அந்த ராத்திரி மறுபடி நடப்பது போல உடம்பு எடுத்துக்கொள்ளும்.

ஏன் அப்படி? உயிருக்கு ஆபத்து வரும்போது மூளையின் அபாய மணி அடிக்கிறது. அமிக்டலா என்கிற சிறு பகுதிக்கு அதில் பெரிய பங்கு. இதயம் வேகமாக அடிக்கும், கை கால் இறுகும், சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகும். இரண்டும் முடியாதபோது அப்படியே உறைந்து போகும். அந்த நேரத்து நினைவு, சாதாரண நினைவு போல முன் பின் வரிசையோடு பதிவது குறைவு. ஒரு சத்தம், ஒரு வாசனை, வயர் மணிக்கட்டில் இறுகிய உணர்வு என்று துண்டு துண்டாக நிற்கும். பிறகு அதே மாதிரி ஒரு சத்தம் கேட்டால் போதும், ஆபத்து இப்போதே வந்துவிட்டது என்று உடம்பு நம்பிவிடும். நம் வீட்டு அலாரம் பூனை தாண்டினாலும் அலறுகிறதே, அதுபோல. அலாரத்தைப் பார்த்து "பயப்படாதே, சாமி இருக்கார்" என்று சொல்லிப் பயன் இல்லை. அது பிடிவாதமோ பக்திக் குறைவோ இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நல்ல செய்தி. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தூக்கமில்லாமல், திடுக்கிட்டு, அழுது தவிப்பவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில், மாதங்களில் சிகிச்சை இல்லாமலேயே தேறி விடுகிறார்கள். கூட இருக்கும் மனிதர்கள், நேரத்துக்குச் சாப்பாடு, வழக்கமான வேலைகள், இவையே அவர்களைத் தூக்கி நிறுத்துகின்றன. பதினாறாம் நாள் வரை வீட்டில் அடுப்பு பற்ற வைக்க விடாமல் அக்கம்பக்கத்தார் சோறும் பருப்பும் கொண்டு வந்து கொடுக்கிறார்களே, அது எத்தனை பெரிய மருந்து என்று என் வேலையில் தினமும் பார்க்கிறேன். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கண்ணில் ஓடுவது, கெட்ட கனவு, சில இடங்களையும் மனிதர்களையும் தவிர்ப்பது, எப்போதும் திடுக்கிட்டபடி இருப்பது ஆகியவை தொடர்ந்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்காய நோய், என்று பார்க்கிறார்கள். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இந்தப் பெயரைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஒரு காலத்தில் மனநல நிபுணர்களே நம்மைப் போலத்தான் செய்தார்கள். விபத்து நடந்த சில நாளுக்குள் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார்கள். அப்புறம் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, இந்த ஒருமுறைச் சொல்லவைத்தல் பிடிஎஸ்டியைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்று தெரிந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011-இல் அவர்கள் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நிலைமையைப் பார், சொல்ல விரும்பினால் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. வற்புறுத்திச் சொல்ல வைப்பதற்கு அதில் இடமில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் உண்டு. 1996 ஏப்ரலில், நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகள் ஈஸ்ட் லண்டனில் தொடங்கின. ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் நாடே கேட்க, பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். அது நாட்டுக்குத் தேவைப்பட்ட வேலை, அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. அங்கே சாட்சி சொல்கிறவரின் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் கொடுப்பார், கைக்குட்டை கொடுப்பார், முன்னும் பின்னும் பேசி ஆற்றுப்படுத்துவார். அப்படியும் 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பொதுவில் சாட்சி சொன்னவர்களுக்கும், தனியாக வாக்குமூலம் கொடுத்தவர்களுக்கும், ஒன்றும் சொல்லாதவர்களுக்கும் மனநல நிலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று கண்டது. நாட்டுக்கு உண்மை கிடைப்பது ஒன்று, ஒருவருக்கு உள்ளே ஆறுவது வேறு. அத்தனை ஏற்பாட்டோடு நடந்ததிலேயே இப்படி என்றால், தண்ணீர்கூட வைக்காத நம் மேடையில் என்ன ஆகும்?

சரி, அப்படியென்றால் மனக்காயத்தை அறிந்து செய்யும் சிகிச்சை எப்படி இருக்கும்? பலரும் கேட்கிறார்கள், "அங்கேயும் போய் எல்லாத்தையும் சொல்லணுமா?" என்று.

முதல் சில சந்திப்புகளில் பொதுவாக முழுக் கதையையும் கேட்க மாட்டார்கள். எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று வந்தவரே முடிவு செய்யலாம். கதவைப் பார்த்து உட்கார நினைப்பவர்கள் நிறையப் பேர். கதவு திறந்திருக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்று கேட்பார்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள், அடித்த ஆள் இன்னும் அதே வீட்டில் இருக்கிறாரா என்று விசாரிப்பார்கள். இங்கே சொல்வது எது வெளியே போகும், எது போகாது என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். பிறகு, அந்த அபாய மணி அடிக்கும்போது உடம்பை எப்படித் தணிப்பது என்று பழக்குவார்கள்: பாதம் தரையில் படுவதைக் கவனிப்பது, மூச்சை மெதுவாக வெளியே விடுவது, கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வது. பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் தன் உடம்பு மறுபடி தன் பேச்சைக் கேட்கிறது என்று ஒருவர் உணரும் நேரத்தில் முகமே மாறிப் போகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இலேயே இந்த வரிசையைச் சொல்லிவிட்டார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைத்துப் பார்த்துத் துக்கம் காப்பது, அதற்கப்புறம் மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மறுபடி சேருவது. நாம் மேடையில் முதல் படியை விட்டுவிட்டு இரண்டாவதற்குத் தாவுகிறோம்.

நினைவைத் தொடும் கட்டம் வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போவார்கள். காயத்தை மையமாக வைத்த சிபிடி என்கிற பேச்சுச் சிகிச்சை முறையில், "நான் கேட்டைப் பூட்டியிருந்தால் நடந்திருக்காது, எல்லாம் என் தப்பு" என்பது போன்ற எண்ணங்களைப் பிரித்து எடுத்துப் பார்க்க வைப்பார்கள். இஎம்டிஆர் என்று இன்னொரு முறை. நினைவின் ஒரு துண்டை மனதில் வைத்துக்கொண்டு, தெரபிஸ்டின் விரல் இடமும் வலமும் அசைவதைக் கண்ணால் தொடரச் சொல்வார்கள். இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைத்தது. ஒரு தனிச் சம்பவத்தால் வந்த காயத்துக்குப் பொதுவாக 8 முதல் 12 சந்திப்புகள் போதும். சின்ன வயதிலிருந்து அடிபட்டு வளர்ந்தவர்களுக்கு இன்னும் காலம் பிடிக்கும். மாத்திரை சிலருக்கு உதவும், எல்லோருக்கும் தேவைப்படாது.

இதில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் உலகத்துக்குக் கொடுத்த ஒன்று உண்டு. 1980களில் நிறவெறி ஆட்சியின் சிறையிலிருந்து வெளிவந்த இளைஞர்களோடு வேலை செய்த கில் ஸ்ட்ரேக்கரும் கூட இருந்தவர்களும், ஆபத்து முடிந்துபோனது போலப் பேசும் சிகிச்சை இங்கே சரிப்படாது என்று கண்டார்கள். சிகிச்சை முடிந்து வெளியே போனால் அதே போலீஸ், அதே தெரு. தொடரும் மனக்காயம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு நம் தெருக்களுக்கும் அது பொருந்தும். ஹிக்கின்ஸன் ஹைவேயில் காரைப் பறிகொடுத்தவர் நாளைக் காலையும் அதே ரோட்டில்தான் வேலைக்குப் போக வேண்டும். "இனி ஒண்ணும் ஆகாது" என்று அவரிடம் சொல்வது பொய். விவரம் தெரிந்த தெரபிஸ்ட் அப்படிச் சொல்ல மாட்டார். எந்த நேரம் உண்மையிலேயே ஆபத்து, எந்த நேரம் உடம்பு மட்டும் அலறுகிறது என்று பிரிக்கப் பழக்குவார். முதலில் பட்டப்பகலில் தம்பியோடு, அப்புறம் தனியாக என்று படிப்படியாக ஸ்டியரிங்கில் உட்கார வைப்பார்.

இதெல்லாம் நிபுணர்களின் வேலை, உங்களிடம் நான் கேட்பது இதை அல்ல. சிகிச்சை வேறு, காயம் தெரிந்து நடந்துகொள்வது வேறு. இரண்டாவதை ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோவில் என்று எல்லா இடமும் செய்யலாம். பாதுகாப்பாக உணர வை, ஒளிக்காதே, சேர்ந்து முடிவெடு, தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர்களிடமே விடு, அவர்களின் பண்பாட்டையும் வரலாற்றையும் மதி. அவ்வளவுதான்.

வரலாறு என்றதும் நம் ஆயாமார்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு வந்த, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் குடும்பங்களைப் பிடுங்கி 1960களில் சாட்ஸ்வொர்த்தில் போட்டது. அந்தத் தலைமுறை பேசவில்லை. பேசாமலேயே கோவிலைக் கட்டினார்கள், விளக்கேற்றினார்கள், கும்மி ஆட்டம் போட்டார்கள். அவர்களை யாரும் மேடையேற்றிச் சொல்ல வைக்கவில்லை, கூடிச் செய்த வேலைதான் அவர்களைத் தாங்கியது. காவடி எடுப்பதும் தீமிதிப்பதும் தெரபிக்குப் போட்டி இல்லை. தாளத்தோடு நடப்பது, கூட்டத்தோடு மூச்சு வாங்குவது, நேர்த்தி முடித்துத் தலை நிமிர்வது எல்லாமே உடம்புக்குச் செய்யும் நன்மை. அதை நீங்கள் ஏற்கெனவே கொடுக்கிறீர்கள்.

குருக்கள் அய்யாமார்களுக்கு இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். உடுக்கைச் சத்தத்தில் நடுங்குகிறவர்கள் எல்லோருக்கும் அருள் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண் எங்கோ நிலைத்து, கை ஜில்லென்று, மூச்சு மேலேயே நின்று ஒருவர் ஓரமாக ஒடுங்கினால், அது பழைய பயமாக இருக்கலாம். சுற்றி நின்று பிடிக்க வேண்டாம், தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரே ஒருவர், முடிந்தால் ஒரு பெண், எதிரே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று சொல்லட்டும். திருநீறு பூசுவதென்றால்கூட "பூசட்டுமா அம்மா?" என்று கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

அடுத்தது, எனக்கு அதிகம் வலிக்கிற விஷயம். அடிபட்ட மனைவி கோவிலுக்கு வந்து அழுதால், கமிட்டிப் பெரியவர்கள் கணவனையும் கூப்பிட்டு இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பஞ்சாயத்து பேசுகிறார்கள். அடித்தவன் முன்னால் அவள் என்ன சொல்வாள்? வீட்டுக்குப் போனதும் அந்த வார்த்தைக்கும் சேர்த்து அடி விழும். "பொறுத்துப் போம்மா, பிள்ளைங்க இருக்கு" என்று சொல்லி அனுப்புவதும் வேண்டாம். 1998-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்று அவளிடம் தனியாகச் சொல்லுங்கள். போவதா இல்லையா என்று அவளே முடிவெடுக்கட்டும். பாலியல் வன்முறை என்றால் அரசாங்கம் நடத்தும் துதுசேலா மையங்களில் டாக்டர், போலீஸ், ஆலோசகர் எல்லோரும் ஒரே இடத்தில். அங்கே ஒவ்வொரு கவுண்டரிலும் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

குழந்தை விஷயத்தில் உங்களுக்கோ எனக்கோ தேர்வு கிடையாது. குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, குழந்தையை உடலில் காயப்படுத்தியதாகவோ பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகவோ வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டதாகவோ நம்பக் காரணம் இருந்தால் கட்டாயம் புகார் செய்ய வேண்டியவர்களின் பட்டியலில் டாக்டர், டீச்சரோடு சமயத் தலைவர்களையும் சேர்த்திருக்கிறது. குடும்ப மானம் என்று மூடி வைக்க இடமே இல்லை.

பீனிக்ஸைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்க என் மனம் ஒப்பவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் நாடு முழுவதும் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீனிக்ஸில் கொல்லப்பட்ட 30-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் கறுப்பின அண்டை வீட்டார். நாம் பயந்ததும் உண்மை, தெருமுனையில் ராத்திரி முழுக்க விழித்திருந்ததும் உண்மை. நம் பக்கத்து ஆட்கள் சுட்டதும் உண்மை. அந்த வாரத்தில் மகனை இழந்த தாய் ஒருத்தி, நம் மண்டபத்தைப் பெருக்கும் பெண்ணின் அக்காவாக இருக்கலாம். அடுத்த வருஷம் ஏப்ரலில் வெள்ளம் வந்தபோதும், நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போனபோதும், இரண்டு பக்கமும் சேர்ந்துதான் இழந்தோம். ஆறுதல் என்று நாம் ஏற்பாடு செய்வதில் அவர்களுக்கும் இடம் வேண்டும். பூஜைக்கு வா என்று சொல்ல வேண்டாம், நம் கோவில் சமையல்காரரும் காவலாளியும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். தீபாவளி வெடி என்று வரும்போதும் இதை நினைவில் வையுங்கள். எந்த நேரத்தில் வெடிப்போம், எப்போது முடிப்போம் என்று அக்கம்பக்கத்துக்கு முன்கூட்டியே சொன்னால், துப்பாக்கிச் சத்தம் கேட்டவர்கள் தங்களைத் தயார்படுத்திக்கொள்ள முடியும்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். தனியார் உளவியலாளர், மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கு எட்டாத தூரம்தான். அரசு ஆஸ்பத்திரிகளில் காத்திருக்க வேண்டும். அதனால்தான் கோவில்கள் சேர்ந்தால் நல்லது என்கிறேன். நாலைந்து கோவில்கள் ஒன்றுகூடி, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு பதிவு பெற்ற உளவியலாளருக்கோ சமூகப் பணியாளருக்கோ அறை கொடுக்கலாம். அன்னதானத்துக்கு நன்கொடை கேட்பது போல இதற்கும் கேட்கலாம். யாரைக் கூப்பிட்டாலும் அவர் ஹெல்த் ப்ரொஃபெஷன்ஸ் கவுன்சிலிலோ சமூகப் பணியாளர் கவுன்சிலிலோ பதிவு செய்தவரா என்று பார்த்துவிடுங்கள். ஒரு வாரக் கோர்ஸ் முடித்துவிட்டு ஹீலர் என்று கார்டு அடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அறைக்கு ஜன்னல் இருக்கட்டும், மண்டபத்தைக் கடக்காமல் வெளியே போக இன்னொரு வழி இருக்கட்டும். யார் வந்தார்கள் என்ற பதிவேடு செயலாளரின் கைக்குக்கூடப் போக வேண்டாம்.

காவடி சீசனுக்கு முன் தொண்டர்களுக்குப் பயிற்சி வைப்பீர்களே, அதில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். கூலி வேண்டாம், தமிழிலும் இங்கிலீஷிலும் பேசுகிறேன். அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒன்று செய்யலாம். மூன்று எண்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டுங்கள்: பெண்களுக்கு எதிரான வன்முறை என்றால் 0800 428 428, குழந்தைகளுக்கு 116, உயிரை விடும் எண்ணம் வந்தவர்களுக்கு 0800 567 567. நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டினால் போதாது, அங்கே நின்று படிப்பவரை எல்லோரும் பார்ப்பார்கள். பெண்கள் கழிவறையிலும் ஆண்கள் கழிவறையிலும் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கணவனோ மாமியாரோ கூட வராத இடம் கோவிலில் அது ஒன்றுதான்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சமூகப் பணியாளர்